எட்டுப் போடப் போறே, சரி. வீலர் ரோட்டுக்கு எப்ப வர்றே?

நம்ம பெங்களூரு காக்ஸ் டவுனுல பைக்கு ஓட்டறதுக்கு லைசென்ஸ் எதுக்குடா பேராண்டி? சாவியைத் திருப்பு, கிளம்பு. ஜீவனஹள்ளி சந்துல காலை நீட்டிப் படுத்துக்கினு இருக்கிற நாய் உன்கிட்ட லைசென்ஸ் கேக்குமா? மார்க்கெட்டுலயிருந்து கீரைக்கட்டோட ரோட்டுல எறங்கற கிழவி உன் எல்எல்ஆர் நம்பரைக் கேப்பாளா? கேக்கறது போலீஸ் மாமா ஒருத்தர்தான். அவரும் எல்லா முக்குலயும் நிக்கறதில்லை. இப்ப கேமரா வேற வெச்சிருக்காங்க. அது நேருல ஒண்ணும் கேக்காது, பேசாம படம் புடிச்சு உங்கப்பன் செல்போனுக்கு அனுப்பிடும்.

இப்படிச் சொன்னதும் உன் மூஞ்சி மலர்றதைப் பாரு. தாத்தா நம்ம கட்சின்னு நெனச்சுட்டே. இரு, முழுசாக் கேளு. எனக்கு இதுல சொந்த லாபம் ஒண்ணு இருக்குது. அதை அப்புறம் சொல்றன்.

உனக்குப் பதினெட்டு முடிஞ்சுது. கியர் வண்டி ஓட்டச் சட்டப்படி வயசு வந்தாச்சு. உன் தம்பிதான் பதினாறுலயே ஓட்டலாமாமேன்னு என்கிட்ட வந்து நிக்கறான். ஓட்டலாம்டா, யாரு வேணான்னது! அம்பது சிசிக்கு மேல போகாத, கியர் இல்லாத வண்டியா இருக்கணும், வீட்டுல பெரியவங்க கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். 1988-ல அந்தச் சட்டத்தை எழுதினப்ப அப்படி ஒரு வண்டி ஊரெல்லாம் ஓடிக்கினு இருந்துச்சு. பக்கத்துல ஓசூர்ல 1980-ல பொறந்த டிவிஎஸ் 50. பால்கேன், அரிசி மூட்டை, பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்கன்னு ஒரு குடும்பத்தையே இழுத்துக்கினு மேட்டுல ஏறும். இன்னைக்குக் கடையில போய் பெட்ரோல்ல ஓடற அம்பது சிசி வண்டி குடுய்யான்னு கேளு. கடைக்காரன் உன்னை மியூசியத்துக்குப் போகச் சொல்லுவான். சட்டம் பதினாறு வயசுக்காரனுக்கு ஒரு வண்டியைக் காட்டுது, கடையில அந்த வண்டி இல்லை. அதனால உன் தம்பிக்கு நான் சொல்ற யோசனை: பேசாம சைக்கிளை மிதி, தொடை நல்லா வரும்.

அவன் கையில உங்கப்பன் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்தாருன்னா அது பெரிய தியாகம்டா. 2019-ல சட்டத்தைத் திருத்தினாங்க. புள்ளை வண்டி ஓட்டி மாட்டினா, பெத்தவருக்கு மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டியோட பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. புள்ளைக்கு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் லைசென்சே கிடையாது. அவனோட படிச்சவன் எல்லாம் பைக்குல பொண்ணு பார்க்கப் போவான், இவன் பஸ்சுக்கு நிப்பான். புள்ளை வண்டி ஓட்டினதுக்காக அப்பன் உள்ளே போறதை எந்தப் புராணத்துலயும் நான் கேட்டதில்லை. உங்கப்பன் விரும்பினா ஆரம்பிச்சு வெக்கட்டும்.

உன் கதைக்கு வர்றன். எல்எல்ஆர் பரீட்சையை இப்ப வீட்டுல உக்காந்தே எழுதலாம்னு சொன்னே. ஆதாரைக் கொடுத்து, அவங்க காட்டற பாதுகாப்புப் படத்தை முழுசாப் பார்த்துட்டு, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரணுமாம். சரி, நான் பக்கத்துல உக்காந்து கண்சாடை காட்டலாம்னு பார்த்தா, நீ தலையைத் திருப்பினாலே கேமரா கண்டுபுடிச்சுடுமாமே! எங்க காலத்துல இவ்வளவு அவநம்பிக்கை இல்லை. நூத்துக்கு அறுபது வாங்கினாப் போதும்னு விதி. அதாவது பத்துல நாலு தப்புக்கு சர்க்காரே அனுமதி கொடுத்திருக்குது. அந்த நாலை ரோட்டுல எங்கே செய்யறதுன்னு மட்டும் எழுதி வெக்கலை. அதை நீங்களே பார்த்து எடம் புடிச்சுக்கிறீங்க.

கேள்வி எல்லாம் எனக்கும் தெரியும். ஜீப்ரா கோட்டுக்கிட்ட ஆளுங்க ரோட்டைத் தாண்ட நிக்கறாங்க, நீ இன்னா செய்யணும்? ஆரன் அடிக்கணுமா, மெதுவா ஆரன் அடிச்சுக்கினே போகணுமா, வண்டியை நிறுத்தி அவங்க தாண்டினப்புறம் போகணுமா? பரீட்சையில மூணாவதை அமுக்கினே. அன்னைக்கு சாயந்திரமே ஐடிசி மேம்பாலத்துலயிருந்து எறங்கினவன் ரெண்டாவதைச் செஞ்சே. நான் பார்த்தேன்டா. முதல் விடையையும் விட்டு வெக்காம அடிச்சே. இன்னொரு கேள்வி: வெள்ளைக் கோலோட கண்ணு தெரியாதவர் ரோட்டைத் தாண்டறாரு. அந்தக் கோலையே நிறுத்தச் சொல்ற அடையாளமா எடுத்துக்கணும்னு விடை. எவ்வளவு அழகான விடை! அதை எழுதினவர் இன்னைக்கு ஊர்ல எங்கேயாவது ரோட்டைத் தாண்டத் தெரியாம நின்னுக்கினு இருப்பாரு, பாவம்.

எல் போர்டு ஒட்டிட்டியான்னு கேட்டா, ஒட்டிட்டேன் தாத்தான்னு சொன்னே. வண்டியைச் சுத்திச் சுத்தித் தேடினேன். கடைசியில பின்னாடி நம்பர் பிளேட்டு மூலையில, நெத்திப் பொட்டு சைசுல, கறுப்பு ஸ்டிக்கர்! சட்டத்துல அளவே போட்டிருக்காங்கடா. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையாத வெள்ளைப் பலகை, அதுல 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையாத செவப்பு எழுத்து. வெக்கமா இருக்குதுங்கறே. எதுக்குடா வெக்கம்? அது ஒண்ணுதான் உன்மேல மத்தவனுக்கு எரக்கம் வரவழைக்கிற பலகை. லாரிக்காரன்கூடப் பார்த்துட்டு, புதுசு பாவம்னு ஒரு சாண் தள்ளிப் போவான்.

எல்எல்ஆர்ல பின்னாடி யாரையும் ஏத்தக்கூடாதுன்னும் இருக்குது. ஏத்தினா அவரு உனக்குச் சொல்லிக்கொடுக்கறவரா இருக்கணும், அவருகிட்ட லைசென்ஸ் இருக்கணும். நீ ரிச்சர்ட்ஸ் டவுன் பார்க் பக்கம் ஏத்திக்கினு போனியே, அந்தப் பொண்ணு உனக்கு இன்னா சொல்லிக்கொடுத்துச்சு? கேக்கலை, விடு.

முப்பது நாள் ஆகணும், அப்புறம் எட்டுப் போடப் போகலாம். ஆறு மாசம் தாண்டினா எல்எல்ஆர் செத்துப்போயிடும், மறுபடி மொதல்லயிருந்து. நம்ம பக்கத்து வண்டிக்கெல்லாம் கேஏ 03. கஸ்தூரி நகர் ஆர்டிஓ ஆபீசு. போறப்ப அசல் காகிதம் எல்லாம் எடுத்துக்கோ. வண்டிக்கு இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் இருக்குதான்னு பாரு. பரீட்சைக்குப் போற வண்டியே தப்பா இருந்தா சிரிப்பாங்க. ஏஜென்ட் ஒருத்தன் வருவான். தம்பி, நீ ஒண்ணும் செய்ய வேணாம், எல்லாம் நான் பார்த்துக்கறேன்னு தோள்மேல கை போடுவான். நல்ல மனுசன். அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. நாளைக்கு ஔட்டர் ரிங் ரோட்டுல லாரி குறுக்கே வந்தா, அதையும் நீயே பார்த்துக்குவியா அண்ணான்னு. பதில் சொன்னான்னா காசு கொடுத்துடு.

எட்டைப் பத்திக் கொஞ்சம் நெசமாவே சொல்றன், கிண்டல் இல்லை. காலு கீழே படக்கூடாது, கோட்டை விட்டு வெளியே போகக்கூடாது. எல்லாரும் எதுல கவுக்கறாங்க தெரியுமா? முன் சக்கரத்தையே பார்க்கறாங்க. கண்ணு எங்கேயோ வண்டி அங்கே. வளைவுல நுழையறப்பவே அடுத்த வளைவைப் பாரு, கழுத்தைத் திருப்பு. முதல் கியர், கிளட்சைப் பாதி புடிச்சு விட்டுக்கினே போ. பின் பிரேக்கை லேசாத் தொட்டுக்கோ. முன் பிரேக்கை அந்த வேகத்துல, அதுவும் ஹேண்டிலை ஒடிச்சு வெச்சிருக்கறப்ப, புடிச்சியோ, வண்டி படுத்துடும். உடம்பை விறைப்பா வெக்காதே. ஆக்சிலேட்டரை வெடுக்குனு முறுக்காதே. அவ்வளவுதான் எட்டு.

மைசூர்ல 1961-லயிருந்து 1996 வரைக்கும் ஜாவா, எஸ்டி பைக்கு செஞ்சாங்க. அதுல உதைக்கிற கம்பியே கியர் கம்பி. உதைச்சு ஸ்டார்ட் பண்ணிட்டு, அதே கம்பியைத் திருப்பி வெச்சுக் கியரு போடணும். அந்த வண்டியில எட்டுப் போட்டவங்க நாங்க. நீ பட்டனை அமுக்கறே, வண்டி கிளம்புது, அதுக்கே ஸ்டேட்டஸ் போடறே.

ஆனா ஒண்ணு யோசிடா. அந்த எட்டுல மாடு வருதா? ஆட்டோ திடீர்னு நின்னு ஆளை எறக்குதா? தண்ணி லாரி சிந்திக்கினு போகுதா? வெய்யில்ல காலி மைதானத்துல செக்குமாடு மாதிரி சுத்திட்டு வர்றே, அதிகாரி தலையாட்டறாரு, கார்டு வீட்டுக்கு வருது. 2019 திருத்தத்துக்கு அப்புறம், முப்பது வயசுக்குள்ள லைசென்ஸ் எடுத்தவனுக்கு அது நாப்பது வயசு வரைக்கும் செல்லும். கணக்குப் போடு. பதினெட்டுல எடுத்தா இருபத்திரெண்டு வருஷம்! அந்த இருபத்திரெண்டு வருஷத்துல ஊரே மாறிடும், மெட்ரோ வரும், புதுப் பாலம் வரும், ஒன்வே திரும்பிடும், உனக்குத் தலையில முடி போயிடும். எவனும் உன்னைக் கூப்புட்டு, தம்பி, இன்னும் ஓட்டத் தெரியுதான்னு கேக்க மாட்டான். நான் இருக்கறேன் பாரு, கெழவன், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தரம் டாக்டர்கிட்டப் போய் கண்ணு தெரியுது, காது கேக்குதுன்னு பாரம் எழுதி வாங்கிக்கினு வரணும். நான் ஓட்டறது மணிக்கு இருபது கிலோமீட்டர். உங்க கூட்டத்துல கண்ணு தெரியாதவனும் காது கேக்காதவனும் எத்தனை பேருன்னு வீலர் ரோட்டுல வந்து நின்னு பார்த்தாத் தெரியும்.

அடுத்தது ஹெல்மெட். வாங்கிட்டே, 'ஐஎஸ்ஐ' முத்திரை இருக்குது, சந்தோஷம். அதைப் பெட்ரோல் டேங்க் மேல வெச்சுக்கினு போறே. பெட்ரோலு இப்ப விக்கிற வெலைக்கு அதைப் பாதுகாக்க வேண்டியதுதான். மாமாவைக் கண்டதும் எடுத்து மாட்டறே, தாண்டினதும் கழட்டறே. இந்த ஊர்ல உன் தலைக்கு மரியாதை சிக்னல்ல மட்டும்தான். மாட்டினாலும் தாடைக்குக் கீழே வாரைப் பூட்டறதில்லை. விழறப்ப அது உன்னை விட்டுட்டு முன்னாடி ஓடிப்போய் பாதுகாப்பா ஓர் எடத்துல நிக்கும். ஹெல்மெட்டுக்கு ஒரு கீறல் விழாது.

சிரிக்காதே. 2022-ல இந்த நாட்டுல ரோட்டு விபத்துல செத்தவங்க 1,68,491 பேரு. நூத்துல நாப்பத்துநாலு பேருக்கு மேல ரெண்டு சக்கர வண்டியில போனவங்க. ஹெல்மெட் போடாம செத்தவங்க மட்டும் 50,029. இது சர்க்காரே போட்ட கணக்கு. அதுல 14,337 பேரு ஓட்டினவங்களே இல்லை, பின்னாடி உக்காந்தவங்க. அவங்க செஞ்ச தப்பு, உன்னை மாதிரி ஒருத்தனை நம்பி ஏறினது. நம்ம பெங்களூருல 2016-லயே பின்னாடி உக்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம்னு ஆக்கினாங்க. உங்கம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிக்கினு போறப்ப, பூ நசுங்குதுன்னு சொல்லுவா. நசுங்கட்டும், நான் வேற வாங்கித் தர்றன். நாலு வயசுக்கு மேல இருக்கிற கொழந்தைக்கும் ஹெல்மெட் உண்டு. நாலுக்குக் கீழே இருக்கற கொழந்தையை முன்னாடி டேங்க்ல நிக்க வெச்சுக் காத்து வாங்க விடற அப்பனுங்களுக்கு ஒரு சேதி: 2023 பிப்ரவரியிலயிருந்து அந்தக் கொழந்தையை ஓட்டறவனோட வாரு போட்டுக் கட்டணும், சின்ன ஹெல்மெட் மாட்டணும், வண்டி நாப்பது கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. அந்த வாரை நம்ம தெருவுல எத்தனை பேரு முதுகுல பார்த்தேன்னு கேக்காதே.

ஹெல்மெட் இல்லாம மாட்டினா சட்டப்படி 1,000 ரூபாய், மூணு மாசம் லைசென்ஸ் முடக்கம். நம்ம கர்நாடகத்துல ஜனங்க கூச்சல் போட்டதால 2019-லயே 500 ஆக்கிட்டாங்க. தலைக்குத் தள்ளுபடி. அதோட விட்டாங்களா? 2023 பிப்ரவரியில கட்டாம விட்ட அபராதத்துக்கெல்லாம் பாதி தள்ளுபடின்னு அறிவிச்சாங்க. தீபாவளி ஜவுளிக்கு நிக்கற கூட்டம் நின்னுச்சு. பெங்களூருல மட்டும் நூறு கோடிக்கு மேல வசூல். ரோட்டுல ஒரு நிமிஷம் நிக்க மாட்டாதவன் எல்லாம் வரிசையில மணிக்கணக்கா நின்னான். நிக்கத் தெரியும் நம்ம ஆளுங்களுக்கு, லாபம் இருந்தா.

சிக்னல்ல நிக்கறதுக்கு வர்றன். அல்சூர் ஏரிக்கரையில வள்ளுவர் செலையை 2009-ல தெறந்தாங்க. பதிலுக்குச் சென்னையில கன்னடக் கவி சர்வக்ஞர் செலை. நம்ம காக்ஸ் டவுனுக்கே சர்வக்ஞர் பேருதான் சர்க்கார் கணக்குல. ஒருத்தர் ரெண்டு அடியில சொன்னாரு, இன்னொருத்தர் மூணு அடியில சொன்னாரு. நம்ம பசங்க சிக்னல்ல வெள்ளைக் கோட்டுக்கு ஓர் அடி பின்னாடி நில்லுடான்னா நிக்க மாட்டேங்கறான். ஜீப்ரா கோட்டு மேலயே நிக்கறான். மஞ்சள் விளக்கு வந்தா நிறுத்தணும், நிறுத்தினா ஆபத்துங்கற அளவுக்குக் கிட்ட வந்துட்டா மட்டும் போகலாம். நீங்க அதை, சீக்கிரம் வா, கதவைச் சாத்தப்போறாங்கன்னு படிக்கிறீங்க.

நடைபாதையில ஓட்டறதைப் பத்தி நான் பேசவே போறதில்லை. பேசினா பிபி ஏறும். சுருக்கமா ஒண்ணு: நடைபாதையில நான் நடந்துக்கினு இருக்கறப்ப எனக்குப் பின்னாடி வந்து ஆரன் அடிச்சான் பாரு ஒருத்தன், அவனுக்கு வழிவிட்டு நான் ரோட்டுல எறங்கினேன். ரோடு காலியாத்தான் இருந்துச்சு. வண்டி எல்லாம் நடைபாதையில வந்துட்டதே!

முந்தறதுன்னா வலது பக்கம் முந்தணும். இடது பக்கம் ஆட்டோ ஆளை எறக்கும், பஸ்சு ஸ்டாப்புக்கு ஒதுங்கும், நிக்கற கார்ல எவனாவது கதவைத் தெறப்பான். இண்டிகேட்டர் போட்டா அணைக்கணும். அதுவும் உன் வேலைதான், பின்னாடி வர்றவன் வேலை இல்லை. பகல்ல உன் வண்டி லைட் எரியறதைப் பார்த்து எதுத்தாப்புல வர்ற பெரியவர் கையை விரிச்சு மூடிக் காட்டினா, சிரிச்சுட்டுப் போ. 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த புது வண்டியில லைட் தானாவே எரியும், அணைக்கிற பட்டனே கிடையாதுன்னு அவருக்கு யாரும் சொல்லலை. அவரு நல்லதுன்னு நெனச்சுத்தான் காட்டறாரு. இந்த ஊர்ல ரோட்டுல ஒருத்தனுக்கு ஒருத்தன் நல்லது நெனச்சுக் கையாட்டறது அது ஒண்ணுதான்.

குழி இருக்குதே தாத்தான்னு கேப்பே. இருக்குது. பாதல் நஞ்சுண்டசாமின்னு ஓவியர், 2015-ல சுல்தான்பாளையாவுல ரோட்டுக் குழித் தண்ணியில நெசமாட்டமா ஒரு முதலையைச் செஞ்சு விட்டாரு. 2019-ல ஒருத்தருக்கு விண்வெளி உடுப்பு மாட்டி, குழி ரோட்டுல நடக்க வெச்சுப் படம் எடுத்தாரு. சந்திரன் மேல நடக்கற மாதிரியே இருந்துச்சு. மாநகராட்சி ஓடிவந்து குழியை மூடிச்சு. எல்லாக் குழியிலயும் முதலை விட அவருக்கு நேரம் ஏது? அதனால எட்டுல சொன்னதையே வெச்சுக்கோ: குழியை உத்துப் பார்த்தா குழியிலதான் எறங்குவே. தாண்டிப் போற வழியைப் பாரு. மொத மழை பேயறப்ப ரோட்டுல இருக்கிற எண்ணெயும் தூசியும் ஒண்ணாச் சேர்ந்து வழுக்கும், அந்த அரைமணி நேரம் பேக்கரி வாசல்ல நின்னு பன்னு தின்னு. குடிச்சுட்டு ஓட்டறதுக்கு மட்டும் என்கிட்ட யோசனையே இல்லை. நூறு மில்லி ரத்தத்துல முப்பது மில்லிகிராமைத் தாண்டினா மொத தரமே 10,000 அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும்கூடக் கிடைக்கும். அந்தக் காசுக்கு ஆட்டோ புடிச்சா ஓசூருக்கே போயிட்டு வரலாம், ஆட்டோக்காரர் வெயிட்டிங் கேட்டாலும்.

விபத்தைப் பார்த்தா ஓடிப்போகாதே. அடிபட்டவனை ஆஸ்பத்திரியில சேர்த்தா, உன்மேல கேசு போட முடியாதபடி சட்டமே காப்பாத்துது. உன் பேரைக்கூட நீயா விரும்பினாத்தான் சொல்லணும்.

என் சொந்த லாபம் இன்னான்னு கேட்டியே. எனக்கு எழுபது தாண்டியாச்சு. என் மருந்துக்கடையும் பேப்பர் கடையும் வீலர் ரோட்டுக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். நீ எட்டுல பாஸாகறியோ பெயிலாகறியோ, அதைப் பத்தி எனக்குக் கவலை இல்லை, அது கஸ்தூரி நகர் அதிகாரியோட தலைவலி. நான் வெக்கிற பரீட்சை தினமும் காலையில ஒம்பது மணிக்கு, வெள்ளைக் கோட்டுமேல, ஒரே கேள்வி. மூணு விடையும் உனக்குத் தெரியும், பதிலையும் ஒரு தரம் சரியா அமுக்கியிருக்கே. நாளைக்கு நான் கையைக் காட்டறப்ப நின்னுடு ராசா. ஆரன் அடிக்காதே, எனக்குக் காது நல்லாவே கேக்குதுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காரு.